இங்கிலீஷ் சோறு போடுமா?

“அம்மா, என் மகள் பி.ஏ. இங்கிலீஷ் படித்து பி.எட்.டும் முடித்தவள். வெளிநாட்டுக்குப் போய் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தால், அந்தச் சம்பளத்திலேயே அங்கே வாழவும் செய்யலாம், வீட்டுக்கும் அனுப்பலாம் என்கிறாள். ஏஜெண்டுக்கு ஒன்றே முக்கால் லட்சம் கட்ட வேண்டுமாம். என்னிடம் நாலு வளையல்கள் இருக்கின்றன. அவற்றை வைக்கலாமா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லுங்கள்.”

கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதம் இது. வழக்கமாக எனக்கு வரும் கடிதங்களுக்கு மேஜையில் உட்கார்ந்தபடியே பதில் எழுதிவிடுவேன். ஆனால் நாலு வளையல்கள் சம்பந்தப்பட்ட விஷயத்தில் சென்னையில் இருந்துகொண்டு ‘வை’ என்றோ ‘வைக்காதே’ என்றோ சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் பஸ் ஏறிவிட்டேன்.

உளுந்தூர்ப்பேட்டையில் திருச்சி சாலையை விட்டு மேற்கே திரும்பியதும் காட்சி மாறுகிறது. கரும்புத் தோட்டங்கள், கரும்பு ஏற்றி மூச்சு வாங்கிக்கொண்டு போகும் டிராக்டர்கள், வழி நெடுக அரிசி ஆலைகள். வெகு தூரத்தில், மேகமா மலையா என்று சந்தேகப்படும்படி கல்வராயன் மலையின் நீல விளிம்பு. விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு மூலையாக இருந்த கள்ளக்குறிச்சி 2019-ல் தனி மாவட்டமானது. ஊருக்கு அந்தப் புதுப் பெருமை இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை. தாயார் வாசலிலேயே நின்றிருந்தார்.

“வாங்கம்மா, நெசமாவே வந்துட்டீங்களா!” என்று கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையில் வளையல்கள் இருந்தன. எனக்கு நிம்மதியாயிற்று.

தகப்பனார் அரிசி ஆலையில் வேலை பார்க்கிறார். தம்பி பாலிடெக்னிக்கில் படிக்கிறான். பெண்ணுக்கு இருபத்து நான்கு வயது. ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை இங்கிலீஷ் டீச்சர். மாதச் சம்பளம் ஒன்பதாயிரம் ரூபாய். நெற்றியில் விபூதிக் கீற்று, பேச்சில் நிதானம், கண்ணில் மட்டும் ஓர் அவசரம்.

“வெளிநாட்டுல பசங்க இப்படித்தான் உலகத்தையே சுத்திப் பார்க்கறாங்கம்மா. ஒரு வருஷம் கொரியா, ஒரு வருஷம் வியட்நாம். இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தே வாடகை கட்டறாங்க, ஊர் பார்க்கறாங்க. நான் படிச்சதும் அதே இங்கிலீஷ்தானே?” என்றாள்.

பிறகு கைபேசியில் வந்திருந்த செய்தியைக் காட்டினாள். தாய்லாந்தில் பள்ளி வேலை. நேர்முகத் தேர்வு கிடையாது. டூரிஸ்ட் விசாவில் போய் இறங்கினால் போதும், மற்றதை அங்கே மாற்றிக்கொள்ளலாம். பணத்தை மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் கட்டிவிட வேண்டும். பள்ளிக்கூடத்தின் பெயரை மூன்று தடவை தேடினேன். செய்தியில் அது இல்லவே இல்லை.

வாசக சகோதரிகளே, ‘அதே இங்கிலீஷ்தானே?’ என்று அந்தப் பெண் கேட்டாளே, அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் உலகம் அந்த நியாயப்படி நடக்கவில்லை. தென் கொரியாவில் இங்கிலீஷ் கற்பிக்கக் கொடுக்கும் விசாவைப் பொதுவாக ஏழு நாட்டாருக்குத்தான் கொடுக்கிறார்கள். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா. அந்த ஏழில் ஒன்றில் பிறந்த பையன், இலக்கணத்தில் எழுவாய் எது, பயனிலை எது என்று தெரியாதவனாக இருந்தாலும், ஒரு பட்டம் வைத்திருந்தால் கதவு திறக்கிறது. இலக்கணத்தைத் தலைகீழாகச் சொல்லும் நம் பெண்ணுக்குத் திறப்பதில்லை. பாஸ்போர்ட்டின் அட்டையைப் பார்த்துவிட்டு உச்சரிப்புக்கு மார்க் போடுகிறார்கள். எனக்கு இது கோபத்தை உண்டாக்குகிற சமாசாரம்.

அதிலும் ஓர் இடுக்கு உண்டு. இந்தியாவுக்கும் கொரியாவுக்கும் ஏற்பட்ட பொருளாதார ஒப்பந்தம் 2010 ஜனவரி முதல் அமலுக்கு வந்தது. அதன்படி, பட்டமும் இங்கிலீஷ் ஆசிரியர் தகுதியும் பெற்ற இந்தியர்கள் அங்கே பள்ளிகளில் துணை ஆசிரியர்களாக வேலை பார்க்க வழி வைத்தார்கள். அந்த வழியில் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆனால் அந்த இடுக்கைத் திறக்கும் சாவி எது என்று பாருங்கள். அழகான உச்சரிப்பு அல்ல, சாதாரண பி.எட்.

தாய்லாந்து, வியட்நாம் போன்ற நாடுகளில் இந்தியருக்குக் கதவு அடைத்தே கிடக்கிறது என்று சொல்ல முடியாது. ஆனால் அங்கே பட்டம் வேண்டும், கற்பிக்கும் பயிற்சிக்குச் சான்று வேண்டும், போலீஸ் சான்றிதழ் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த நாட்டு அரசு கொடுக்கும் வேலை அனுமதி வேண்டும். டூரிஸ்ட் விசாவில் போய் வகுப்பெடுப்பது சட்ட விரோதம். பிடிபட்டால் அபராதம் கட்டி ஊர் திரும்ப வேண்டியவள் பெண். ஏஜெண்டு அல்ல.

2022-ல் என்ன நடந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்களை எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்திக்கொண்டு போய், இணைய மோசடிக் கூடாரங்களில் அடைத்து வைத்தார்கள். பதின்மூன்று பேர் அந்த வருஷம் அக்டோபரில் மீண்டு வந்தார்கள். அவர்களும் படித்தவர்கள்தான். அவர்களுக்கும் அவசரமாகத்தான் செய்தி வந்தது.

இதைச் சொன்னதும் தாயார் முகம் வெளுத்துவிட்டது. பெண்ணின் முகமோ சுருங்கிவிட்டது. பயமுறுத்தி வீட்டில் உட்கார வைப்பதற்கு நான் வரவில்லை. ஆகவே அவர்களிடம் இன்னொரு கதையையும் சொன்னேன்.

வாத்தியார் வேலையை மூட்டை கட்டிக்கொண்டு கடல் கடந்த இந்தியர்கள் நேற்று முளைத்தவர்கள் அல்ல. இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு எதியோப்பியாவின் சக்கரவர்த்தி ஹைலே செலாஸி தம் நாட்டுப் பள்ளிகளுக்கு இந்திய ஆசிரியர்களை வரவழைத்தார். முக்கியமாகக் கேரளத்திலிருந்து ஏராளமானவர்கள் போனார்கள். அப்படிப் போன இருவர் அங்கே பௌதிகம் கற்பித்தார்கள். 1955-ல் அடிஸ் அபாபாவில் அவர்களுக்குப் பிறந்த பிள்ளைதான் பிற்பாடு டாக்டராகவும் நாவலாசிரியராகவும் பேர் வாங்கிய ஆபிரகாம் வர்கீஸ். 1974-ல் சக்கரவர்த்தியின் ஆட்சி கவிழ்ந்தது. பாதியில் நின்ற டாக்டர் படிப்பை அவர் முடித்தது எங்கே தெரியுமா? நம் சென்னை மருத்துவக் கல்லூரியில்! பிறகு நைஜீரியா, ஜாம்பியா என்று நம்மவர்கள் போன ஊர்கள் அநேகம்.

அப்படிப் போனவர்கள் ஊர் சுற்றப் போகவில்லை. பள்ளிக்கூடம் அழைத்தது, ஒப்பந்தம் கையில் இருந்தது, போனார்கள். வெள்ளைக்காரப் பையன் போகும் பாதைக்கும் நம்மவர்கள் போன பாதைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இரண்டாவது பாதை இன்றைக்கும் இருக்கிறது. கள்ளக்குறிச்சிக்கு மிகவும் பக்கத்தில்கூட!

“பக்கத்துலயா?” என்றாள் பெண்.

“கச்சிராயபாளையத்தில்” என்றேன்.

எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை அங்கே இருக்கிறார். மாலத்தீவில் எட்டு வருஷம் இங்கிலீஷ் கற்பித்துவிட்டு, 2016-ல் ஊர் திரும்பியவர். மூவரும் டவுன் பஸ் ஏறினோம். கச்சிராயபாளையம், மலை ஆரம்பமாகும் இடம். பக்கத்தில் கோமுகி அணை. அங்கிருந்துதான் வெள்ளிமலைக்குச் சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. மலையிலிருந்து பலாப்பழம் இறக்கிக்கொண்டிருந்த ஒரு வேனைத் தாண்டி டீச்சர் வீட்டுக்குப் போனோம்.

டீச்சர் சுருக்கமாகப் பேசுகிறவர் அல்ல. நல்ல வேளை!

“நான் முதல் முதல்ல வெளிநாடு போனது மாலத்தீவு இல்லே, இதோ இந்த மலை!” என்று ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார். “கீழே டவுன்ல வளர்ந்தவ நான். மலை மேல பள்ளிக்கூடத்துல மூணு வருஷம் இருந்தேன். இங்கிலீஷ் புஸ்தகத்துல ரயில்னு ஒரு பாடம். ஒரு பிள்ளையும் ரயிலைப் பார்த்ததில்லே. சின்னசேலம் போனாத்தானே பார்க்க முடியும்? சரின்னு ரயிலை விட்டுட்டு, பலாப்பழம், தேன், சாமைன்னு ஆரம்பிச்சேன். பலாப்பழத்துக்கு இங்கிலீஷ்ல என்னன்னு தெரிஞ்சுக்க அதுங்களுக்கு அவ்வளவு ஆசை. அப்புறம் தீவுக்குப் போனேன். அங்கேயும் ஒரு புஸ்தகம். அதிலேயும் ரயில்! தீவிலே எங்கே ரயில்? மறுபடி மூடி வெச்சுட்டு, தோணியும் மீனும்னு ஆரம்பிச்சேன்.”

மாலத்தீவில் சுமார் ஆயிரத்து இருநூறு தீவுகள் உண்டு. அவற்றில் ஜனங்கள் குடியிருப்பவை இருநூறுக்கும் குறைவு. சில தீவுகளை ஒரு மூச்சில் நடந்து முடித்துவிடலாம். ஆனால் அந்தச் சின்னத் தீவிலும் பள்ளிக்கூடம் இருக்கிறது; அதில் பாடங்கள் பெரும்பாலும் இங்கிலீஷில் நடக்கின்றன. மேல் வகுப்புப் பிள்ளைகள் கேம்பிரிட்ஜ் பரீட்சை எழுதுகிறார்கள். ஆகவே பல காலமாக இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஆசிரியர்களை வரவழைத்து வருகிறார்கள். வெள்ளைத் தோல் கேட்பதில்லை. பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் கேட்கிறார்கள்.

“அவங்க திவேஹி எழுத்து வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமா போகும். முதல் நாள் நோட்டைத் திறக்கச் சொன்னா, பாதிப் பிள்ளைங்க பின்னட்டையைத் திறந்துடுச்சு. நான் திகைச்சுப் போயிட்டேன்” என்று டீச்சர் சிரித்தார். “நம்ம ஊர்ப் பிள்ளைக்கு ‘ஃபேன்’ வராது, ‘பேன்’னுதான் வரும். அவங்களுக்கு ‘ஃப’ தாராளமா வரும். ஒவ்வொரு நாக்குக்கும் ஒவ்வொரு சண்டை. இங்கே புரியலேன்னா தமிழ்ல சொல்லித் தப்பிச்சுடலாம். அங்கே தப்பிக்க வழியே இல்லே. கையைக் காட்டி, படம் போட்டு, நடிச்சுத்தான் ஆகணும். அந்த வித்தை எனக்கு மலையில வந்துது, கண்ணு. எந்தச் சர்டிபிகேட்டிலும் வரலே.”

பெண் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணில் இருந்த அவசரம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

“சம்பளம்?” என்று தாயார்தான் கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி!

டீச்சர் ஒரு பழைய நோட்டை எடுத்து வந்தார். எட்டு வருஷக் கணக்கும் அதில் இருந்தது. தொகையைப் பத்திரிகையில் போட வேண்டாம் என்றார். விகிதத்தை மட்டும் சொல்லுகிறேன். சம்பளம் நூறு ரூபாய் என்றால் சாப்பாட்டுக்கு இருபத்தைந்து. போன், துணிமணி, பக்கத்துத் தீவுக்குப் படகு, மருந்து எல்லாம் சேர்த்துப் பதினைந்து. தங்கும் அறையும் வருஷத்துக்கு ஒரு தடவை ஊர் வந்து போகும் டிக்கெட்டும் ஒப்பந்தப்படி பள்ளியின் பொறுப்பு. மிச்சம் அறுபது, கச்சிராயபாளையத்துக்கு.

“அறை நம்ம பொறுப்புன்னு இருந்திருந்தா, அறுபது முப்பதாயிருக்கும். தலைநகரம் மாலேயிலே வாடகை யானை விலை. அதனாலதான் சம்பளத்தைப் பார்க்கறதுக்கு முன்னாடி அறை யாருதுன்னு பாருன்னு எல்லோர்கிட்டயும் சொல்றேன்” என்றார்.

பணத்தை ஊருக்கு அனுப்புவதும் நாம் நினைக்கிறபடி சுலபம் அல்ல. நமது ஸ்டேட் பாங்க் 1974 முதல் மாலேயில் கிளை வைத்திருக்கிறது. ஆனால் அந்த நாட்டில் டாலர் தட்டுப்பாடு வரும்போதெல்லாம், சம்பளக்காரர்கள் மாதம் இவ்வளவுதான் வெளியே அனுப்பலாம் என்று வரம்பு கட்டிவிடுகிறார்கள். கையில் ருஃபியா இருக்கும், ஊருக்குப் போகாது. போகிறவர்கள், அன்றைய வரம்பு என்ன என்று அங்கே வேலை பார்ப்பவர்களிடம் கேட்டுக்கொண்டு போவது உத்தமம்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு விஷயம் தெளிவாயிற்று. லண்டன் பையன் வியட்நாமில் இங்கிலீஷ் கற்பித்துச் சம்பாதிக்கிற பணம் ஒரு வயிற்றுக்கு. அது அவனுடைய வாடகைக்கும் ஊர் பார்க்கும் செலவுக்கும் போதும். மாதக் கடைசியில் கையில் ஒன்றும் இல்லாவிட்டால் அவன் சிரித்துக்கொண்டே அடுத்த ஊர் போவான். கள்ளக்குறிச்சிப் பெண்ணின் சம்பளமோ நாலு வயிற்றுக்கு. தம்பியின் பரீட்சைக் கட்டணமும் அதில் உண்டு. ‘அங்கே பிழைக்கலாம்’ என்பது வேறு, ‘மிச்சம் பிடிக்கலாம்’ என்பது வேறு. நம் வீடுகளில் முதலாவதைச் சொல்லி இரண்டாவதை எதிர்பார்க்கிறோம்.

“கஷ்டம் இல்லையா?” என்று கேட்டேன்.

டீச்சர் சற்று நேரம் பேசவில்லை. “முதல் வருஷம் மகன் ஏழாம் வகுப்பு. இவரும் மாமியாரும் பார்த்துக்கிட்டாங்க. போன்ல நான் பேசினா அவன் பேச மாட்டான். ரெண்டாவது வருஷம் பேசினான், மூணாவது வருஷம் கணக்கில நூறு வாங்கினான். இப்போ வேலையில இருக்கான். அந்த முதல் வருஷத்தை மட்டும் இன்னிக்கும் அவன்கிட்ட நான் எடுக்கறதில்லே” என்றார். பிறகு எழுந்து போய்க் காபி கலந்துகொண்டு வந்தார்.

காபிக்குப் பிறகு வேலை ஆரம்பமாயிற்று. டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த ஏஜெண்டு செய்தியை இரண்டு தடவை வாசித்தார்.

“லைசென்ஸ் நம்பர் எங்கே?” என்றார்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்டுகள் 1983-ம் வருஷத்துக் குடியகல்வுச் சட்டப்படி மத்திய அரசில் பதிவு செய்துகொண்டிருக்க வேண்டும். ‘இ-மைக்ரேட்’ என்ற அரசு இணையதளத்தில் அவர்கள் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பத்தாவது தேறியவர்களின் பாஸ்போர்ட்டுக்குக் குடியகல்வு அனுமதி முத்திரை வேண்டியதில்லை என்பதால், பட்டதாரிப் பெண்கள் ‘நமக்கு இதெல்லாம் எதற்கு?’ என்று இருந்துவிடுகிறார்கள். ஏஜெண்டுக்கு லைசென்ஸ் இருக்க வேண்டும் என்பது பட்டதாரிக்கும் பொருந்தும். அவர் வாங்கக்கூடிய கட்டணத்துக்கும் அரசு உச்ச வரம்பு வைத்திருக்கிறது. முப்பதாயிரம் ரூபாயும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும். ஒன்றே முக்கால் லட்சம் எங்கே, முப்பதாயிரம் எங்கே!

நம் மாநில அரசே 1978-ல் ஆரம்பித்த அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அங்கே பெயரைப் பதிந்து வைக்கலாம். உடனே வேலை வந்து குதித்துவிடும் என்று சொல்லமாட்டேன். ஆனால் வளையல் கையிலேயே இருக்கும்.

டீச்சர் ஒரு தாளில் கடகடவென்று எழுதிக் கொடுத்தார். பள்ளியின் பெயரும் விலாசமும் எழுத்தில் வர வேண்டும். கிளம்புவதற்கு முன்பே வேலை விசாவோ அனுமதியோ கையில் வர வேண்டும். அறை, டிக்கெட், ஒப்பந்தக் காலம், நடுவில் வந்துவிட்டால் என்ன நஷ்டம், இவ்வளவும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பட்டச் சான்றிதழின் அசலை எவரிடமும் விட்டு வைக்கக் கூடாது. அதில் மாநில அரசும் வெளியுறவு இலாகாவும் முத்திரை போடும் வேலையைச் சாவகாசமாக இப்போதே முடித்துக்கொள்ள வேண்டும். நூற்றிருபது மணி நேரப் பயிற்சிச் சான்று ஒன்று வாங்கிக்கொண்டால் கிழக்கு ஆசிய நாடுகளுக்கு உதவும், ஆனால் பி.எட். இருக்கிறவள் அதற்காகக் கடன் வாங்க வேண்டாம்.

கடைசியில் ஒரு வரியை எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டார். ‘இப்போதிருக்கும் பள்ளியில் இன்னும் ஒரு வருஷம்.’ வெளிநாட்டுப் பள்ளிகள் அனுபவம் எத்தனை வருஷம் என்றுதான் முதலில் கேட்கும். அவளுக்கு ஒரு வருஷம் ஆகிறது, இரண்டாக்கிக்கொண்டால் நல்லது.

“இன்னும் ஒரு வருஷம் ஒன்பதாயிரத்துக்கா, டீச்சர்?” என்றாள் பெண். அதில் கசப்பு இருந்தது. அந்தக் கசப்புக்கு என்னிடம் பதில் இல்லை. டீச்சரிடமும் இல்லை.

அங்கேயே உட்கார்ந்து அவள் ஏஜெண்டுக்குச் செய்தி அனுப்பினாள். பள்ளியின் பெயர் என்ன, உங்கள் லைசென்ஸ் எண் என்ன என்று இரண்டே கேள்விகள். அவர் படித்துவிட்டார் என்பதற்கு அடையாளமாக நீல நிறக் கோடுகள் விழுந்தன. நாங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்து, பஸ்ஸுக்காக இருபது நிமிஷம் காத்திருந்து, கள்ளக்குறிச்சியில் வந்து இறங்கும் வரைக்கும் பதில் வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் வரவில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

டீச்சர் வீட்டிலிருந்து கிளம்பும்போது நடந்த ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். தாயார் வாசல் வரைக்கும் வந்துவிட்டு, மறுபடி உள்ளே திரும்பிப் போனார். ஏதோ முக்கியமான சந்தேகம் போலிருக்கிறது என்று நானும் நின்றேன்.

“ஏங்க டீச்சர், அந்தத் தீவிலே கறிவேப்பிலை கெடைக்குமா?” என்றார்.

“கெடைக்கும். அவங்களும் மீன் கறிக்குப் போடறாங்க. நல்லெண்ணெய் மட்டும் இங்கேருந்து கொண்டு போகணும்” என்றார் டீச்சர்.